மலைப்பாதையும் தீப்பொறி நேரமும்



வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, ஆண்டுக்கொரு முறையேனும் திருப்பதிக்குச் சென்று வருவதை வழக்கமாகக் கொண்டவை. பெங்களூரிலிருந்து புறப்படுவோர் கோலார், முள்பாகல், பலமநேர் ஆகிய ஊர்களைக் கடந்து, மொகிலி மலைச்சரிவில் இறங்கிச் சித்தூரை அடைவர். அங்கிருந்து சந்திரகிரி வழியே திருப்பதி சேர்வர். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமையும் வரையில் சித்தூர் மாவட்டம் சென்னையோடு இணைந்திருந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இடம் மாறினும், சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. மோட்டார்ப் பட்டறைகளிலும் அப்படியே.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சாலையில் செல்லும் பழைய கார்களைப் பற்றியது. வங்காளத்து உத்தர்பாராவில் 1957 தொடங்கி 2014 வரையில் உருவான அம்பாசடர், மும்பையில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகளைத் தந்தையாரின் நினைவாகப் பேணி வருவோர் இன்றும் உளர். அவற்றைத் துடைத்து மெருகிட்டுத் திருமண ஊர்வலத்திற்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்போரும் உளர். இவ்வண்டிகள் சமவெளியில் நன்றாக ஓடுகின்றன. மேடு கண்டால் தயங்குகின்றன, அல்லது இஞ்சினுக்குள் கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற ஓசை எழுப்புகின்றன. உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள், பிளக்குகளை மாற்றுகிறார்கள், ரேடியேட்டரைக் குறை கூறுகிறார்கள். பணம் செலவாகிறது, ஓசை நிற்பதில்லை. பல வேளைகளில் குறை இருக்குமிடம் வேறு. தீப்பொறி விழும் நேரம் தவறியிருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடுவதே நம் அலுவல். ஆயினும், பட்டறையில் சென்று பேச வேண்டியவர்களுக்குப் பட்டறையில் விளங்கும் சொல்லே பயன்படும். ஆகவே தீப்பொறி நேரத்தை ‘டைமிங்’ என்றும், அதை முன்னதாக வைப்பதை ‘அட்வான்ஸ்’ என்றும், பின்னதாக வைப்பதை ‘ரிட்டார்டு’ என்றும் அங்கங்கே சொல்வோம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அழுத்துகிறது. அப்போது பிளக்கில் தீப்பொறி விழுகிறது, கலவை எரிகிறது, அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் உச்சியை அடைந்த பின்னர்த் தீப்பொறி விழுந்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் கலவை ஒரு கணத்தில் வெடித்துத் தீர்ந்துவிடுவதில்லை. பிளக்கின் அருகே பற்றிய தீ, சிலிண்டர் முழுவதும் பரவச் சிறிது நேரம் பிடிக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கும் வேளையில் அழுத்தம் மிகுந்து நிற்க வேண்டுமாயின், உச்சியை அடையும் முன்னரே தீப்பொறி விழுந்தாக வேண்டும்.

ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து, நின்று, திரும்பும் வேளையில் தள்ளினால் அது உயர எழும்புகிறது. வரும்போதே தள்ளினால் கையில் அடிபடுகிறது, ஊஞ்சலும் நடுங்குகிறது. வெகுதூரம் போன பின் தள்ளினால் கை காற்றில் வீணாகிறது. தீப்பொறி மிக முந்தினால் பிஸ்டன் ஏறும்போதே அடி விழுகிறது. மிகப் பிந்தினால் எரிந்த வெப்பம் வேலை செய்யாமல் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது.

வேகத்திற்கேற்ப இந்தக் கணக்கு மாறுகிறது. இஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றும்போது, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிராங்க் ஏறத்தாழ 5 பாகை திரும்புகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்றாகும்போது அதே நேரத்தில் 18 பாகை திரும்பிவிடுகிறது. தீ பரவ எடுத்துக்கொள்ளும் நேரமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆதலால், வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முந்தவைக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இந்த வேலை ஓட்டுநரின் கையில் இருந்தது. ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். வேகமெடுத்ததும் அதை முன்னே தள்ளுவார்; மேட்டில் இஞ்சின் திணறித் தட்டத் தொடங்கியதும் பின்னுக்கு இழுப்பார். செவியே அவருக்கு அளவுகோல். பின்னர் வந்த டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கையின் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது. அதற்கு அதனுள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, சுழற்சியால் இயங்குவது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இரண்டு சிறு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உள்ளன. வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து தீப்பொறியை முந்தச் செய்கின்றன. இது வேகத்தை மட்டுமே அறியும், சுமையை அறியாது.

மற்றொன்று, வேக்குவம் அட்வான்ஸ் என்னும் வெற்றிட ஏற்பாடு. இது சுமையை அறியும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையான ஒரு சிறு கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து ஒரு குறுங்குழாய் அதனோடு இணைந்திருக்கும். சமமான சாலையில் ஆக்சிலரேட்டரைச் சிறிதளவே மிதித்துச் செல்லும்போது சிலிண்டருக்குள் புகும் கலவை குறைவு. அடர்த்தி குறைந்த கலவை மெல்லவே எரியும். அதற்குத் தீப்பொறி இன்னும் முந்த வேண்டும். அந்நிலையில் உறிஞ்சும் விசை மிகுதியாக இருப்பதால் சவ்வு இழுபட்டு, பாயிண்டுகள் அமர்ந்துள்ள தட்டைத் திருப்பி, தீப்பொறியை முந்தச் செய்கிறது. பெட்ரோலும் மிச்சப்படுகிறது.

மலை ஏறும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதிக்கிறோம். வழி நன்கு திறந்துவிடுவதால் உறிஞ்சும் விசை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சவ்வு தளர்கிறது, தட்டு பழைய இடத்திற்குத் திரும்புகிறது, தீப்பொறி தானாகவே பிந்துகிறது. அடர்ந்த கலவை விரைந்து எரியும் என்பதால் அப்படிப் பிந்துவதே முறை. பழைய ஓட்டுநர் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்த செயலும் இதுவே. எல்லாப் பழைய வண்டிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு என்பதில்லை. உள்ள வண்டியில் அது உயிரோடிருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இந்தச் சவ்வு கிழிந்துவிட்டால் என்ன நேரும்? வண்டி நின்றுவிடாது; ஆகவே எவரும் அதைக் கவனிப்பதில்லை. சமவெளியில் சுறுசுறுப்புச் சற்றுக் குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ‘இழுவை போதவில்லை’ என்று சொல்லிப் பட்டறைக்குச் செல்வோம். அவசரமான பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்திச் சிறிது முன்னே திருப்பி வைத்துவிடுவார்கள். வண்டி உடனே துள்ளும், நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் வெற்றிட ஏற்பாடு தந்த அட்வான்ஸ் மலையில் தானே விலகிக்கொள்வது. கையால் திருப்பி வைத்த அட்வான்ஸ் விலகாது. சமவெளியில் மருந்தாக இருந்ததே மலையில் நஞ்சாகிறது. இந்த ஒன்றை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொண்டால் நம் பேச்சின் பயன் பெரும்பகுதி கைகூடிவிடும்.

நம் பயணம் ஒன்றில் இது நேரில் விளங்கிற்று. பெங்களூரில் டைமிங் வைத்த அம்பாசடர் ஒன்றில் ஐவராகத் திருப்பதி சென்று மே மாதத்து நண்பகலில் திரும்பிக்கொண்டிருந்தோம். சந்திரகிரியைத் தாண்டிப் பூதலப்பட்டுப் பக்கம் மேடு வரும்போதெல்லாம் இஞ்சின் தட்டியது. இன்னும் மொகிலி மலை ஏறியாக வேண்டும். முதியவர் இருவர் உடனிருந்தனர். சித்தூரில் ஒரு சிறு பட்டறையில் நிறுத்தினோம். அங்கிருந்த மூத்த மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, வெற்றிடக் குழாயில் ஊசி போடாத வெறும் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தார். தட்டு அசையவில்லை. ‘சார், சவ்வு போயிடுச்சு. அதை மறைக்க டைமிங்கை ஏத்தி வச்சிருக்காங்க. அது பெங்களூருக்குத் தாங்கும், இங்கே தாங்காது’ என்றார்.

அவர் கூறியதில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவதை மேலே சொன்னோம். இரண்டாவது, ஊரின் உயரம் பற்றியது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருப்பதி நகரமோ சுமார் 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெங்களூரில் காற்றழுத்தம் திருப்பதியைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு. காற்று மெலிந்த ஊரில் சிலிண்டருக்குள் புகும் கலவையும் குறைவு. ஆதலால் சற்று மிகையான அட்வான்ஸையும் இஞ்சின் பொறுத்துக்கொள்ளும். அதே வண்டி கீழே இறங்கியதும் கலவை அடர்கிறது. கோடையில் இப்பகுதி வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். உள்ளே செல்லும் காற்றும் சூடாகவே செல்கிறது. அடர்த்தி, வெப்பம், சுமை மூன்றும் ஒன்றுகூடினால் தீ பரவி வருவதற்குள் மூலையில் எஞ்சிய கலவை தானே வெடிக்கிறது. நாம் கேட்கும் ஓசை அதுதான். பட்டறையில் ‘நாக்கிங்’ என்பார்கள். அதைப் பொருட்படுத்தாமல் நெடுநேரம் ஏறினால் ஹெட் கேஸ்கெட் கெடும். பிஸ்டனில் ஓட்டையே விழவும் கூடும்.

இதற்கு அஞ்சி டைமிங்கை மிகவும் பின்னுக்கு வைத்துவிடுவதும் தவறு. ஓசை அடங்கும், வலிமையும் அடங்கும். பிந்தி எரியும் கலவை இஞ்சினின் வெளிப்போக்கு வால்வுகளையும் புகைக்குழாயையும் சூடாக்கும். மலைப்பாதையின் நடுவே ரேடியேட்டர் கொதித்து நிற்கும் பழைய வண்டிகளுள் சிலவற்றின் நோய் இதுவே. ஆகவே ஓசை இல்லாமை மட்டும் நலத்தின் அடையாளம் ஆகாது.

இனி, சரிசெய்யும் முறைக்கு வருவோம். வரிசை தவறினால் உழைப்பு வீண். முதலில் பாயிண்டுகளின் இடைவெளி. அம்பாசடரில் காணும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்: இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும், தேய்ந்து குறைந்தால் பிந்தும். ஆகவே இதைச் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்புவது போன்றது. டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள எடைகள் துருப்பிடிக்காமல் அசைகின்றனவா, ஸ்பிரிங்குகள் இரண்டும் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால், வரவேண்டிய அட்வான்ஸ் காலத்திற்கு முன்பே வந்துவிடும்.

இரண்டாவது, வெற்றிட ஏற்பாட்டின் சோதனை. குழாயை வாயால் உறிஞ்சிப் பார்ப்பது பலருக்கு வழக்கம். பெட்ரோல் ஆவி தங்கிய குழாயாதலால் அது வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சோ கைப்பம்போ போதும். இழுத்தால் தட்டு திரும்ப வேண்டும். இழுத்தபடி பிடித்தால் அங்கேயே நிற்க வேண்டும். விட்டால் திரும்பி வர வேண்டும். திரும்பாவிட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது தட்டு இறுகியிருக்கலாம். குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் இதே குறை தோன்றும். சில ரூபாய் பெறும் ரப்பர்த் துண்டுக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மூன்றாவது, நிலையான டைமிங். இதற்கு 12 வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு கம்பிகளும் போதும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இஞ்சினைக் கையால் திருப்புவது எளிது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் கலவையை அழுத்தி மேலேறும் வேளையில், கிராங்க் புல்லியிலுள்ள வெட்டுக்குறி, இஞ்சின் முகப்பிலுள்ள பாகைக் குறியோடு பொருந்துமாறு நிறுத்த வேண்டும். எத்தனை பாகை என்பதை அந்தந்த வண்டியின் கையேடு கூறும். ஒரு வண்டியின் எண்ணை மற்றொன்றுக்கு வைக்கலாகாது. பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து முனையிலும், மற்றொன்றை இஞ்சின் உலோகத்திலும் இணைத்து, சாவியைத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்டு திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே இறுக்கிவிட வேண்டும். ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். சுழலும் திசையிலேயே திருப்பினால் ரிட்டார்டு. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பாகை, கிராங்க் கணக்கில் இரண்டு பாகை என்பதை மறத்தலாகாது. மயிரிழை அளவே திருப்புவது நன்று.

நான்காவது, ஓடும் இஞ்சினில் விளக்கொளிச் சோதனை. முதல் பிளக்கின் கம்பியோடு இணைக்கும் ‘டைமிங் லைட்’, ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை மின்னும். அவ்வொளியில் சுழலும் புல்லியின் குறி நின்றது போல் தெரியும். வெற்றிடக் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டே இச்சோதனையைச் செய்ய வேண்டும். இஞ்சின் சூடேறி, மெல்லச் சுற்றும்போது நிலையான அளவைப் பார்க்கலாம். வேகத்தைக் கூட்டினால் குறி சீராக முந்தி நகர வேண்டும். அது எடைகள் வேலை செய்வதற்கு அடையாளம். பின்னர்க் குழாயை மாட்டி ஆக்சிலரேட்டரைச் சிறிது திறந்தால் குறி மேலும் தாவ வேண்டும். அது சவ்வு உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த ஒளியில் புல்லி மட்டுமன்று, அதன் முன்னால் சுழலும் விசிறியும் நின்றதுபோல் தோன்றக்கூடும். நின்றது என்று கை நீட்டினால் விரல் போகும். வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை, சேலைத் தலைப்பு எதுவும் அதன் அருகே தொங்கலாகாது. பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, சாலைச் சோதனை. சமமான சாலையில், உயர்ந்த கியரில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். மெலிதாக ஒரு தட்டல் எழுந்து, வேகம் பிடித்ததும் மறைந்தால் சரி. தொடர்ந்து தட்டினால் சற்றுப் பின்னுக்கு வையுங்கள். ஓசையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் சற்று முன்னுக்கு வையுங்கள். மலை ஏறும் நாளில் செய்யும் சோதனையே உறுதியானது; ஆட்களும் மூட்டைகளும் ஏறிய வண்டியும், காலி வண்டியும் ஒன்றல்ல. மேட்டில் தட்டல் கேட்டால் மிதியைத் தளர்த்தித் தாழ்ந்த கியருக்கு மாற வேண்டும். உயர்ந்த கியரில் இஞ்சினை இழுக்கவிடுவதே பெருந்தீங்கு.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். பழைய கையேடுகள் எழுதப்பட்டபோது நம் நாட்டில் கிடைத்த பெட்ரோல் இன்றையதைவிட ஆக்டேன் எண் குறைந்தது, ஈயம் கலந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்பனையாயிற்று. இன்று பெரும்பாலான நிலையங்களில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் தட்டலைத் தாங்கும் திறனைக் கூட்டுகிறது. ஆனால் கார்புரேட்டர் மாற்றப்படாத வண்டியில் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் நாளடைவில் கெடுக்கிறது. ஆகவே கையேட்டின் எண்ணைத் தொடக்கமாகக் கொண்டு, சாலைச் சோதனையை முடிவாகக் கொள்வதே அறிவுடைமை.

திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையைப் பற்றியும் கூறிவிடுவோம். முதற் பாதை 1944ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாதை 1974ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இன்று ஏறுவதற்கு இரண்டாவதும் இறங்குவதற்கு முதலாவதும் பயன்படுகின்றன. அலிபிரியில் வண்டிகள் சோதனைக்குள்ளாகின்றன. பழைய வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதால், புறப்படுமுன் நடப்பு விதியைக் கேட்டறிவது நலம். அனுமதி இல்லையேல் வண்டியைக் கீழே விட்டுப் பேருந்தில் ஏறலாம். எனினும், பெங்களூர் வழியில் மொகிலி மலையையும், மதனபள்ளி வழியில் பாகராப்பேட்டை மலையையும் வண்டியே ஏறியாக வேண்டும்.

செய்யத்தக்கது சிறிதே. டைமிங் வைத்த நாள், வைத்த ஊர், வைத்த பாகை, பாயிண்டு இடைவெளி ஆகிய நான்கையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலும் இஞ்சினிலும் ஒரே கோடாகச் சாயக் குறி இட்டுவிடுங்கள். வேற்றூரில் எவரேனும் அதைத் திருப்பினால் எவ்வளவு திருப்பினார் என்பது கண்ணுக்குத் தெரியும். பழைய இடத்திற்குக் கொண்டுவருவதும் எளிது. ‘இழுவை இல்லை’ என்று பட்டறையில் சொல்லும்போது, ‘டைமிங்கைத் திருப்புமுன் வேக்குவத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிஸ்டன் ஒன்றைக் காப்பாற்றும். மலையின் நடுவே, வெயிலில், முதியோரோடு நிற்கும் துன்பத்தையும் தவிர்க்கும்.